1995, 2002: யார் கையெழுத்திட்டால் போர் நிற்கும்?

திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து பார்த்தால் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் செய்த இரண்டு போர்நிறுத்த உடன்பாடுகளின் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

1995 ஜனவரி 8-ல் நடைமுறைக்கு வந்ததில் அரசுத் தரப்பில் கையெழுத்திட்டவர் ஜனாதிபதி சந்திரிகா. நாடாளுமன்றமும் அவர் பக்கமே இருந்தது. அதிகாரம் ஒரே கையில் இருந்தும் ஏற்பாடு மெலிந்தது: விலகுவதற்கு 72 மணிநேர முன்னறிவித்தல் போதும். அதுவும் காக்கப்படவில்லை. ஏப்ரல் 19 அதிகாலை இந்தத் துறைமுகத்திலேயே இரண்டு கடற்படைக் கப்பல்கள் புலிகளால் தகர்க்கப்பட்டன. நூறு நாள் சற்றே கடந்திருந்தது, அவ்வளவுதான்.

2002 பெப்ரவரி 22 உடன்பாடு வேறு வகை. ஒப்பமிட்டவர் நாடாளுமன்றப் பெரும்பான்மையின் தலைவரான பிரதமர் ரணில். முப்படைத் தளபதியான ஜனாதிபதி சந்திரிகா வெளியே நின்றார். ஆனால் எழுத்து நுணுக்கமானது: இரு படைகளின் முன்னரங்க நிலைகள் அமைந்த இடத்தில் குறைந்தது 600 மீட்டர் இடைவெளி, நோர்டிக் (வட ஐரோப்பிய) நாடுகளின் கண்காணிப்பாளர்கள், விலக 14 நாள் அறிவித்தல். மீன்பிடித் தடைகளும் தளர்ந்தன; துறைமுகங்களும் அவற்றின் வாயில்களும், குடாக்களும் கழிமுகங்களும், கடலோர இராணுவ முகாம்களின் சுற்றுப்புறமும் மட்டும் விலக்கு. இங்குள்ள வலைத்தொழிலாளிக்கு அந்த விலக்குத்தான் பெரிது, ஏனெனில் நகரின் குடாவே துறைமுகம்.

2003 நவம்பரில் ஜனாதிபதி பாதுகாப்பு உட்பட மூன்று அமைச்சுகளைத் தன்வசப்படுத்தினார். பேச்சுகள் அதற்கு முன்பே, ஏப்ரலில், நின்றுவிட்டன. இனி யாருடன் பேசுவது என்பதும் குழம்பியது.

எங்கள் கணிப்பில் 2002-இன் எழுத்தே மேல். 1995-இன் கையெழுத்துப் பலம் அதற்குக் கிடைத்திருக்க வேண்டும்: ஜனாதிபதியும் பிரதமரும் முதலில் தமக்குள் பேசி, இருவரும் ஒப்பமிட்டிருக்க வேண்டும்.