கைபேசி உதவிப் பக்கங்களில் ஸ்கிரீன்ஷாட்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிபவை

உதவிப் பக்கத்தை எழுதுவது கணினியில். படிப்பது பெரும்பாலும் கைபேசியில். ஸ்கிரீன்ஷாட் தொல்லைகளில் பாதி இங்கேயே தொடங்கிவிடுகிறது. 1920 பிக்சல் அகலமுள்ள கணினித் திரையை 360 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால், 14 பிக்சல் எழுத்து மூன்று பிக்சலுக்கும் கீழே போய்விடும். விரலால் பெரிதாக்கிப் பார்க்கலாம்தான். ஆனால் அதற்குள் எந்தப் படியில் இருந்தோம் என்பதே மறந்துவிடும்.

கைபேசித் திரையை முழுதாகப் பிடித்துப் போட்டால் வேறு சிக்கல். 1080 × 2400 படம் 360 அகலத்தில் 800 பிக்சல் உயரம் பிடிக்கும். அதாவது படிப்பவரின் திரை முழுவதையும் அதுவே அடைத்துக்கொள்ளும். விளக்கம் மேலேயோ கீழேயோ மறைந்துபோகும். அதைவிட வேடிக்கை, படம் நிஜத் திரை போலவே இருப்பதால் அதிலுள்ள பொத்தானையே தட்டிப் பார்த்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று புகார் எழுதுபவர்கள் உண்டு. அவர்கள் மேல் தப்பில்லை. சுற்றிலும் மெல்லிய சாம்பல் கோடு போட்டு, அகலத்தையும் கொஞ்சம் குறைத்தால் இந்தக் குழப்பம் பெருமளவு போய்விடும். டார்க் மோடில் வெள்ளைப் படம் கண்ணைக் கூசவைக்கும் என்றாலும், எல்லை தெரிவதற்கு அந்தக் கோடு அங்கேயும் உதவும்.

நாள்பட நிலைத்து நிற்பது வெட்டிய படம்தான். ஹாட்ஸ்பாட்டை இயக்கச் சொல்கிறீர்கள் என்றால் செட்டிங்ஸ் பக்கம் முழுவதும் எதற்கு? ஹாட்ஸ்பாட் வரி, அதற்கு மேல் ஒரு வரி, கீழ் ஒரு வரி போதும். 1080 × 600 அளவில் வெட்டினால் முழுப் படத்தின் கால்வாசி இடம்தான் பிடிக்கும். வரியை மட்டும் தனியாக வெட்டிவிடக் கூடாது. அக்கம்பக்கம் தெரியாவிட்டால் எங்கே தேடுவது என்று புரியாது.

பொத்தானின் பெயர் படத்தில் மட்டும் இருந்தால் போதாது, விளக்கத்திலும் எழுத்தாக இருக்க வேண்டும். படத்திலுள்ள எழுத்து தேடலில் சிக்காது. டாக்பேக், வாய்ஸ்ஓவர் போன்ற, திரையிலுள்ளதை வாசித்துச் சொல்லும் வசதிகளைப் பயன்படுத்துபவர்களுக்கும் நம்பகமாகப் போய்ச் சேராது. படத்துக்குப் பதிலாக அந்த வசதிகள் வாசிக்கும் மாற்று உரையில் 'படம் 3' என்று போடுவது வீண். 'மொபைல் டேட்டா பொத்தான் அணைந்த நிலையில்' என்று எழுதுங்கள். அதே செய்தி விளக்கத்தில் ஏற்கெனவே இருந்தால் மாற்று உரையைக் காலியாக விடலாம்.

கோப்பு வடிவத்தில் யோசிக்க அதிகமில்லை: பிஎன்ஜி அல்லது தரம் குறையாமல் சுருக்கும் (இழப்பற்ற) வெப்பி (WebP). ஜேபெக்கில் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் தெரியும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினாலும் தரம் குறையும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். படத்தின் அகல உயரத்தைப் பக்கக் குறியீட்டில் குறிப்பிடுவது முக்கியம். இல்லையென்றால் மெதுவான இணைப்பில் ஒவ்வொரு படமும் வந்து சேரும்போது பக்கம் குதிக்கும்; படித்துக்கொண்டிருந்த வரி காணாமல் போகும்.

தொலைபேசி எண், ஓடிபி போன்றவற்றை மங்கலாக்கி மறைப்பதை நம்ப வேண்டாம். ஹைலைட்டர் பேனாவால் பூசுவது இன்னும் மோசம். அது ஒளி ஊடுருவும் மை, வெளிச்சத்தைக் கூட்டினால் அடியிலுள்ள எழுத்து தெரிந்துவிடும். ஒரே நிறத்தில் முழுதாக நிரப்பிய கட்டம்தான் பாதுகாப்பு. வெட்டுவதையும் கண்மூடித்தனமாக நம்ப முடியாது. கூகுளின் பிக்சல் கைபேசிகளில் படம் திருத்த உதவும் மார்க்கப் கருவியில் வெட்டிய படங்களிலிருந்து வெட்டப்பட்ட பகுதியை மீட்க முடிகிறது என்று 2023இல் தெரியவந்தது. குறை அப்போதே சரிசெய்யப்பட்டது, ஆனால் அதற்கு முன் பகிர்ந்த படங்களுக்கு அது உதவாது. சோதனைக் கணக்கில் படமெடுத்தால் மறைக்கவே எதுவும் இருக்காது.

மேலே தெரியும் நேரம், பேட்டரி, அறிவிப்புச் சின்னங்கள் படத்துக்குப் படம் மாறுவதும் கண்ணை உறுத்தும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸிலுள்ள பில்ட் நம்பரை 7 முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்தால், பல கைபேசிகளில் சிஸ்டம் யுஐ டெமோ மோட் இருக்கும். அதை இயக்கினால் அந்தப் பட்டை ஒரே மாதிரி நிற்கும்.

வங்கிச் செயலிகள் பலவற்றில் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவே விடாது, எடுத்தாலும் கறுப்புத் திரைதான் வரும். இன்னொரு கைபேசியால் திரையைப் படம்பிடித்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. கோடு கோடாகத் தெரிந்து எழுத்தே படிக்க முடியாமல் போகும். பொத்தான் பெயர்களை வரிசையாக எழுதிவிட்டால் அங்கே படமே தேவைப்படாது.