பழைய அடிதடி கேஸும் போலீஸ் வேலையும்: உள்ளூர் விடுதலையா, ஹைகோர்ட் க்வாஷா?

2019 திருவிழாத் தகராறில் தம்பி மேல் ஒரு எஃப்.ஐ.ஆர். விழுந்தது. அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் வழக்கமான மூன்று பிரிவுகள்தான்: 294(பி) கெட்ட வார்த்தையில் திட்டியது, 323 அடித்தது, 506(1) மிரட்டியது. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு அவன் படிக்க உட்கார்ந்தபோதுதான் கேஸை எப்படி முடிப்பது என்று யோசித்தோம்.

ஃபைன் கட்டி முடிக்கும் பேச்சே வேண்டாம். குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டுவதால் அது தண்டனைக் கணக்கில் சேரும். மறைப்பதும் வேண்டாம், விண்ணப்பத்திலேயே கேட்கிறார்கள், போலீஸ் வெரிஃபிகேஷன் (பின்னணி விசாரணை) வேறு இருக்கிறது.

மிச்சம் இரண்டு வழி. ஊரில் எல்லாரும் சொன்னது, சமாதானமாகிவிட்டால் சாட்சிகள் பிறழ்ந்துவிடுவார்கள், மாஜிஸ்திரேட் விடுதலை செய்துவிடுவார் என்பது. செலவும் அலைச்சலும் குறைவு. சிக்கல் தீர்ப்பின் கடைசிப் பத்தியில் இருக்கிறது. அப்படி வரும் விடுதலையில் பெரும்பாலும் ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ என்று எழுதியிருக்கும். தமிழ்நாடு காவல் பணி விதிகளின் விளக்கப்படி, அப்படி விடுதலையானவரும் குற்ற வழக்கில் தொடர்புடையவர்தான். 2008-இல் மணிகண்டன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் இதையே சொன்னது. ஊருக்கு நிரபராதி, தேர்வு வாரியத்துக்கு இல்லை!

நாங்கள் இரண்டாவது வழியில், க்வாஷ் (வழக்கையே ரத்து செய்வது) கேட்டு ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்குப் போனோம். மாஜிஸ்திரேட் முன்பே ராஜி ஆகலாமே என்பீர்கள். 323-க்கும் 506(1)-க்கும் ஆகலாம். 294(பி) ராஜிக்குரிய பட்டியலிலேயே இல்லை. அந்த ஒரு பிரிவுக்காகத்தான் பஸ் ஏறினோம். கூட்டு ராஜி மனு போட்டு, இரு தரப்பும் ஆதாரோடு நேரில் நின்றோம். வக்கீல் ஃபீஸ் உள்ளூரைப்போல் மூன்று மடங்கு. ஆனால் வழக்கே ரத்து. ‘சந்தேகம்’ என்ற சொல் உத்தரவில் எங்கும் இல்லை.

இதனால் வேலை உறுதி என்று சொல்ல மாட்டேன். உண்மையைச் சொன்னவரின் பின்னணியையும் பரிசீலிக்கும் உரிமை வேலை தருபவருக்கு உண்டு என்கிறது உச்ச நீதிமன்றத்தின் 2016 அவதார் சிங் தீர்ப்பு. என் அனுபவமும் ஒரு சின்ன அடிதடியோடு சரி. கொலை, பாலியல் வன்முறை போன்ற வழக்குகளை ராஜியைக் காட்டிப் பொதுவாக ரத்து செய்ய முடியாது. சம்பவத்தின்போது 18 வயது நிரம்பாதவர்கள் முதலில், அந்த வயதில் வந்த வழக்கால் தகுதியிழப்பு வராது என்று சொல்லும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவைப் படிக்கட்டும்.

எந்த வழியானாலும் வெரிஃபிகேஷனுக்கு முன் முடியுங்கள். அப்போது கேஸ் நிலுவையில் இருந்தால், பிறகு மரியாதையோடு (சந்தேகத்தின் பலனில் அல்லாமல், குற்றமற்றவர் என்றே) விடுதலையானாலும் அடுத்த தேர்வுக்குத்தான் வர முடியும். அப்புறம், உத்தரவின் சான்றிட்ட நகல் இரண்டு மூன்று வாங்கி வையுங்கள். விசாரிக்க வரும் ஏட்டையா கையில் ஒன்று போனால் திரும்பி வராது.