ஒரு சின்டரிங் பர்னஸோடு ஆறு வருஷம்

செயற்கைப் பற்களைச் சுட்டு இறுக்கும் இந்த அடுப்பு 2018 தீபாவளி முடிந்த கையோடு வாங்கியது. கோவையில் மூன்று பேர் வேலை பார்க்கும் சின்ன டென்டல் லேப் எங்களுடையது. பர்னஸ் கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. புகழ்ந்தால் விளம்பரம் என்பீர்கள், திட்டினால் போட்டிக்காரன் என்பீர்கள்.

தெரியாதவர்களுக்காக: ஜிர்கோனியா ஒரு வெள்ளைப் பீங்கான், கிரவுன் என்பது பல்லின் மேல் மாட்டும் தொப்பி. செதுக்கும் மில்லிங் மெஷினிலிருந்து வரும் ஜிர்கோனியா கிரவுன் சாக்பீஸ் மாதிரி இருக்கும். நகத்தால் கீறினாலே கோடு விழும். 1530 டிகிரி வரை போய் வந்தால்தான் அது பல். அந்தப் பயணத்தில் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும் என்பதால், முன்கூட்டியே பெரிதாக மில் செய்கிறோம். எவ்வளவு பெரிதாக என்பது ஒவ்வொரு டிஸ்க்கின், அதாவது கிரவுனைச் செதுக்கி எடுக்கும் ஜிர்கோனியா வட்டின், லேபிளிலும் 1.23, 1.24 என்று அச்சாகியிருக்கும். புது டிஸ்க் மாட்டிவிட்டுப் பழைய எண்ணையே சாஃப்ட்வேரில் விட்டுவிட்டால் கிரவுன் மாடலில், அதாவது நோயாளியின் பல் அச்சில், உட்காராது. இதை நாங்கள் ஒரு தடவைக்கு மேல் செய்திருக்கிறோம். அது பர்னஸின் குற்றமில்லை.

சாயங்காலம் ஆறரைக்கு வைத்துவிட்டுப் போவேன். நிமிஷத்துக்கு 8 டிகிரி ஏற்றம், உச்சத்தில் 2 மணி நேரம், பிறகு மெதுவாக ஆறும். காலையில் கதவைத் திறந்தால் தட்டில் பல். பல் நிறத்துக்காகக் கலர் லிக்விடில் முக்கியெடுத்த கிரவுனை விளக்கடியில் நன்றாகக் காயவைக்காமல் வைத்தால் மட்டும் விரிசல் விழும். ஸ்பீடு புரோகிராமும் உண்டு. அவசரத்துக்கு ஒற்றைக் கிரவுன் போட்டிருக்கிறேன். நீளமான பிரிட்ஜுக்கு, அதாவது பல பற்கள் ஒன்றாகச் சேர்ந்த துண்டுக்கு, தொடவே மாட்டேன், கோணிவிடும்.

பெரிய பாடம் 2020 ஊரடங்கில். லேப் இரண்டு மாதத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தது. திறந்ததும் முதல் தட்டு. அதில் ஒரு முன்பல் பிரிட்ஜ், ஏ1 ஷேட், அதாவது வெளிர் பல் நிறம். காலையில் பார்த்தால் எல்லாப் பல்லும் பழுக்க ஆரம்பித்த எலுமிச்சை நிறத்தில், மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. டிஸ்க்கைச் சந்தேகப்பட்டேன். விற்றவர்களுக்குப் போன் போட்டால், "கலர் லிக்விட் மாத்திப் பாருங்க சார்" என்றார்கள். மாற்றினேன். இன்னும் இரண்டு தட்டு வீண்.

கடைசியில், எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன்தான் கேட்டார்: "சும்மா கெடந்த அடுப்பை வெறுமனே ஒருக்கா எரிச்சயா தம்பி?"

விஷயம் இதுதான். உள்ளே சூடேறும் ராடுகள் மாலிப்டினம் டைசிலிசைடு. நல்ல சூட்டில் அவற்றின் மேல் கண்ணாடி போன்ற சிலிக்காத் தோல் படிந்து காப்பாற்றும். அந்தத் தோல் பழுதானால் மாலிப்டினம் ஆக்சைடு ஆவியாகி, பல்லின் மேல் போய் உட்காரும். மருந்து சுலபம். மில்லிங்கில் மிஞ்சும் ஜிர்கோனியாத் துண்டுகளைத் தட்டு நிறையப் போட்டு உச்ச சூட்டில் எரிக்க வேண்டும். அழுக்கையெல்லாம் அவை வாங்கிக்கொள்ளும். முதல் தடவை துண்டுகள் மஞ்சளாக வந்தன, இரண்டாம் தடவை லேசாக, மூன்றாம் தடவை சுத்த வெள்ளை. அன்றிலிருந்து மாதம் ஒரு முறை, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அடுத்தது 2022. ஒரு டாக்டர், "ஏ2 கேட்டா கொஞ்சம் சாம்பலா வருதே" என்றார். திரையில் 1530 என்றுதான் காட்டியது. சோதனை வளையம் வாங்கி உள்ளே வைத்தேன். பட்ட சூட்டுக்கு ஏற்பச் சுருங்கும் பீங்கான் வளையம் அது. மைக்ரோமீட்டரில் அளந்து, கூடவே வரும் அட்டவணையில் பார்த்தால் உண்மையான வெப்பம் தெரியும். 38 டிகிரி அதிகம்! வெப்பம் அளக்கும் பிளாட்டினம் ரோடியம் தெர்மோகப்புளுக்கு வயதாகி வோல்டேஜ் குறைந்திருக்கிறது. சூடு போதவில்லை என்று நினைத்து மெஷின் மேலும் மேலும் ஏற்றியிருக்கிறது. நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். சூடு கூடிப்போனால் உள்ளே ஜிர்கோனியாவின் நுண்மணிகள் பெருத்து வலுவும் குறையும், அது தெரியாது. ஜிர்கோனியாவை உறுதியாக்கச் சேர்க்கும் யிட்ரியா 3 சதவீதம் உள்ள டிஸ்க், 1000 மெகாபாஸ்கல் அழுத்தம் தாங்கும் என்று நம்பித்தான் கடைவாய்ப் பிரிட்ஜே செய்கிறோம். புதுத் தெர்மோகப்புள் விலையைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன். பிளாட்டினம் அல்லவா.

கரண்ட் கதையும் உண்டு. சூடு ஏறும் வழியில், 900 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து ஓட்டுவேன். உச்சத்தில் போனால் அந்தத் தட்டு போச்சு. வெளியே நன்றாகவே தெரிந்தாலும் இன்னொருவர் வாய்க்கு அனுப்ப மனசு வராது.

மற்றபடி கதவு, மோட்டார், திரை எதிலும் குறையில்லை. ராடு ஒன்று மட்டும் மாற்றினேன்.

இப்போது இரண்டாவது பர்னஸ் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். வருகிற விற்பனையாளர் எத்தனை நிமிஷத்தில் கிரவுன் ரெடி என்பதையே பேசுகிறார். ராடு என்ன விலை, தெர்மோகப்புள் இங்கே ஸ்டாக் இருக்கிறதா என்று கேட்டு இரண்டு வாரம் ஆகிறது. கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.