புகை விஸ்கி: லாஃப்ரோய்க்கா, லாகவூலினா, ஆர்ட்பெக்கா?

டூட்டி ஃப்ரீ கடை அலமாரி முன் நிற்பவருக்கு நேரம் குறைவு, வரம்பு இரண்டு லிட்டர். புகை ஸ்காட்ச்தான் என்று முடிவாகிவிட்டால் கண்ணில் படுவது பெரும்பாலும் ஐந்தாறு பெயர்கள்: லாஃப்ரோய்க் 10, லாகவூலின் 16, ஆர்ட்பெக் 10, கல் ஈலா 12, போமோர் 12, டாலிஸ்கர் 10. எல்லாமே புகைதான். ஆனால் ஒன்று ஆஸ்பத்திரி வராந்தா, ஒன்று அணைந்த விறகடுப்பு, ஒன்று கடற்கரையில் தார் பூசிய படகு. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஒரு பாட்டிலை மாதக்கணக்கில் வைத்துக் குடிக்கும் ஆளுக்கு ஆர்ட்பெக் 10. அது ருசியில் எல்லாரையும் தோற்கடிக்கிறது என்பதால் அல்ல. திறந்த பிறகு அது நடந்துகொள்ளும் விதத்தால்.

புகை எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். சதுப்பில் பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்கிக் கிடக்கும் கரிய மண்தான் பீட். வெட்டிக் காயவைத்தால் எரியும். முளைவிட்ட பார்லியை உலர்த்தும் சூளையில் அடியில் இதைப் புகைய விடுவார்கள். புகையிலுள்ள ஃபீனால்கள் ஈரமான பார்லித் தோலில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்துவிட்ட மணியில் அவ்வளவாக ஒட்டாது. அதனால் ஈரம் இருக்கும்போதே பீட்டை எரித்துவிட்டு, மீதி உலர்த்தலை வெறும் சூடான காற்றில் முடிப்பார்கள். இந்த ஃபீனால் குடும்பத்தில் குவாயகால் என்பது விறகுப்புகை. கிரெசால் என்பது தார், கிருமிநாசினி. தரை துடைக்கும் ஃபினாயிலும் இதே குடும்பத்துப் பிள்ளைதான். லாஃப்ரோய்க்கை முகர்ந்ததும் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது என்றால் மூக்கு பொய் சொல்லவில்லை.

கடைக்காரர் முதலில் எடுத்து வீசுவது பிபிஎம் கணக்கு, அதாவது பத்து லட்சத்தில் ஃபீனால் எத்தனை பங்கு என்பது. போமோர் 25 சொச்சம், லாகவூலினும் கல் ஈலாவும் 35 அருகே, லாஃப்ரோய்க் 40-45, ஆர்ட்பெக் 50-55. இதை வைத்து வாங்கினால் ஏமாற்றம் உறுதி. அந்த எண் பார்லியில் அளந்தது, பாட்டிலில் அளந்தது அல்ல. ஊறலிலும் வடிப்பிலும் பீப்பாயிலும் ஃபீனால் குறைந்துகொண்டே வரும். இதற்கு லாகவூலினையும் கல் ஈலாவையும் விட நல்ல சாட்சி வேண்டியதில்லை. இரண்டுக்கும் மால்ட் (முளைவிட்டு உலர்த்திய பார்லி) வருவது போர்ட் எலன் ஊரிலுள்ள ஒரே மால்ட் ஆலையிலிருந்து. புகையின் அளவும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் லாகவூலினில் வாலைப் பானையை (வடிக்கும் செம்புக் கலம்) ஏறக்குறைய கழுத்துவரை நிரப்பி மெதுவாக வடிக்கிறார்கள்; கனமான எண்ணெய்ப்பசை ஆவியோடு வந்துவிடுகிறது. கல் ஈலாவில் உயரமான வாலைகள், குறைவாக நிரப்புவது. ஆவி செம்பில் நெடுநேரம் உரசிக் கனத்தைக் கீழே விட்டுவிட்டு வருகிறது. ஒரே மாவில் சுட்ட ஊத்தப்பமும் தோசையும் மாதிரி.

அதனால் எவ்வளவு புகை என்று கேட்பதைவிட எந்தப் புகை என்று கேட்பதே பயன்.

லாஃப்ரோய்க் 10 (1815இல் தொடங்கிய வடிசாலை) மருந்துப் பெட்டி வகை. அயோடின், கடற்பாசி, பேண்டேஜ் துணி. பின்னால், அமெரிக்க விஸ்கியான போர்பன் இருந்த பீப்பாயின் வெனிலா இனிப்பு. இந்த மருந்து வாசனைக்குக் காரணம் பீட் மட்டுமல்ல. வடிப்பின்போது முதலில் வருவது பழவாசனை, கனமான ஃபீனால்கள் கடைசியில்தான் வரும். லாஃப்ரோய்க்கில் தலைவடியை மற்ற இடங்களைவிட வெகுநேரம் ஒதுக்கிவிட்டுத் தாமதமாகவே பிடிக்கத் தொடங்குகிறார்கள். அதனால் பழம் குறைந்து தார் கூடுகிறது. இது பிடித்தவர்கள் வேறெதையும் தொட மாட்டார்கள். பிடிக்காதவர்கள் இரண்டாவது மிடறு குடிக்க மாட்டார்கள். நடுவில் ஆள் குறைவு. ஒரு எச்சரிக்கை: இதே 10 வயசுப் பாட்டிலில் சாராயம் ஒரு நாட்டில் 40%, இன்னொரு நாட்டில் 43%. லேபிளைப் படித்துவிட்டு எடுங்கள். இந்த மூன்று புள்ளி ஏன் முக்கியம் என்பது கீழே வருகிறது.

லாகவூலின் 16 பணக்கார வீட்டுப் புகை. சாம்பிராணி, பேரீச்சம்பழம், உப்பு, ஆறிப்போன கரி, நாக்கில் எண்ணெய்ப்பசை. 43%. இனிப்பு விரும்புகிறவர்களுக்கு இந்த வரிசையில் இதுதான் முதல் தேர்வு, மறுப்பில்லை. மற்ற இரண்டையும்விட விலை கணிசமாக அதிகம், பதினாறு வருடப் பீப்பாய் வாடகைக்கு. அதைச் சோடாவில் கலக்க யாருக்கும் மனம் வராது. ஆகவே பயன்பாடு ராவாக அல்லது துளித் தண்ணீரோடு மட்டும் என்று சுருங்கிவிடுகிறது.

ஆர்ட்பெக் 10 பார்லியில் மூன்றிலும் அதிகப் புகை. கிளாசிலோ எலுமிச்சைத் தோல், மிளகு, தார், பின்னால் வெனிலா. இவ்வளவு புகைக்கு நடுவே எலுமிச்சை எப்படித் தப்பியது? இரண்டாம் வாலையின் கழுத்திலிருந்து போகும் குழாயில் ஒரு சுத்திகரிப்புக் குப்பி பொருத்தியிருக்கிறார்கள். கனமான ஆவி அதில் குளிர்ந்து மறுபடி பானைக்கே சொட்டிவிடும். இலேசான பழவாசனை மேலே போகும். புகை தடிமனாக இல்லாமல் உலர்ந்து, சுருக்கென்று நிற்கிறது. 46%, குளிர்வடிகட்டல் கிடையாது. (கேலிக் மொழியில் பெயருக்குப் பொருள் சிறு முனை. 'பெக்' என்ற பகுதிதான் 'சிறு'. நம்மூர் ஸ்மால் பெக்கோடு சம்பந்தமில்லை என்றாலும் நினைவில் வைக்க வசதி.)

இனி முடிவு செய்யும் விஷயத்துக்கு வருவோம்.

புகை விஸ்கியை யாரும் ஒரே வாரத்தில் தீர்ப்பதில்லை. வாரத்துக்கு இரண்டு 30 மில்லி என்றால் ஒரு லிட்டர் பாட்டில் ஏறக்குறைய நாலு மாதம் வரும். விருந்தினர் பாதிப் பேர் முகர்ந்துவிட்டு வேண்டாம் என்பார்கள் என்பதால் நடைமுறையில் எட்டு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். அந்த நேரத்தில் பாட்டிலுக்குள் காற்று ஏறிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் ஆவியாகும் வாசனைகள் கொஞ்சம் வெளியே, புதுக் காற்று உள்ளே. முக்கால் பாட்டில் வரை பெரிய மாற்றம் தெரியாது. திறந்த முதல் வாரத்தில் இருந்த காரம் அடங்கி இன்னும் நன்றாகக்கூட இருக்கும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனதும் சரிவு தொடங்கும். முதலில் போவது புகையின் கூர்மை. மிஞ்சுவது ஈரச் சாம்பலும் அட்டைப்பெட்டி வாசனையும்.

இந்தச் சரிவு 40 சதவீதப் பாட்டிலில் சீக்கிரம் உறைக்கிறது, 46இல் மெதுவாக. வாசனை மூலக்கூறுகளைத் தாங்கி வைப்பது சாராயம்தான், அது குறைவாக இருந்தால் தாங்கலும் குறைவு. இன்னொரு காரணம் குளிர்வடிகட்டல். 46%க்குக் கீழே இறக்கிய விஸ்கி குளிரில் கலங்கும்; வாங்குபவர் பயப்படுவார் என்று அதை முன்கூட்டியே குளிரவைத்து, கலக்கத்துக்குக் காரணமான கொழுப்பு எஸ்டர்களை வடிகட்டி எடுத்துவிடுவார்கள். அதோடு விஸ்கியின் கனமும் கொஞ்சம் போய்விடுகிறது. ஆர்ட்பெக்கில் அது அப்படியே இருப்பதால் கடைசிக் கால் பாட்டில் வரை நாக்கில் ஒரு பிடிப்பு நிற்கும். ஐஸ் போட்டதும் ஆர்ட்பெக் லேசாகக் கலங்கினால் போலிச் சரக்கு என்று சண்டைக்குப் போக வேண்டாம். கலங்குவதே அதன் லட்சணம்.

தண்ணீர்க் கணக்கிலும் இதே கதைதான். 30 மில்லி ஆர்ட்பெக்கில் சாராயம் 13.8 மில்லி. ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி தண்ணீர் விட்டால் 39.4% ஆகும். அதாவது தண்ணீர் கலந்த ஆர்ட்பெக்தான் தண்ணீர் கலக்காத 40% லாஃப்ரோய்க்குச் சமம். லாகவூலினில் அதே டீஸ்பூன் 37%க்குக் கொண்டுபோய்விடும். லாஃப்ரோய்க் 40இல் 34% சொச்சம், அந்த இடத்தில் இனிப்பு நீர்த்து மருந்து மட்டும் தனியே துருத்திக்கொண்டு நிற்கும். தண்ணீர் ஏன் விட வேண்டும் என்பவர்களுக்கு: சுவீடனின் லினேயஸ் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் 2017இல் கணினி மாதிரி வைத்துக் காட்டியது, சாராயம் 45%க்குக் கீழே வரும்போது குவாயகால் மூலக்கூறு திரவத்தின் மேற்பரப்புக்கு நெருங்குகிறது என்று. மேற்பரப்பில் இருப்பதுதானே மூக்குக்கு வரும். ஆகவே 46இல் வாங்கி, சொட்டுச் சொட்டாக இறக்கி, உங்கள் மூக்குக்கு எங்கே புகை விரிகிறதோ அங்கே நிறுத்திக்கொள்ளும் வசதி ஆர்ட்பெக்கில் இருக்கிறது. 40இல் அந்த வேலையை வடிசாலையே செய்து முடித்துவிட்டது.

எந்தப் பாட்டிலானாலும் பராமரிப்பு ஒன்றே. வைனைப் போலப் படுக்க வைக்காதீர்கள். 40%க்கு மேற்பட்ட சாராயம் கார்க்கை அரித்துவிடும், நிற்கத்தான் வேண்டும். ஆனால் நிற்கவே விட்டால் கார்க் காய்ந்து, ஒரு நாள் திருகும்போது பாதி கையிலும் பாதி கழுத்திலும் என்று உடையும். மாதம் ஒருமுறை பாட்டிலை ஒரு நொடி சாய்த்து கார்க்கை நனைத்துவிட்டு நிமிர்த்துங்கள். வெயிலும் வேண்டாம், ஃப்ரிட்ஜ் மேல்தட்டும் வேண்டாம்: அங்கே எந்நேரமும் மோட்டார் சூடு. சென்னை, மதுரை வீடுகளில் மே மாதச் சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து கார்க்கைத் தள்ளும், இரவில் சுருங்கி வெளிக்காற்றை இழுக்கும். துணி பீரோவின் அடித்தட்டு போதும். பாட்டில் பாதியானதும் மீதியை 375 மில்லி அல்லது 200 மில்லி கண்ணாடிப் பாட்டில்களில் கழுத்துவரை ஊற்றி இறுக்கி மூடுங்கள். பாட்டில் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். முன்பு ரம் இருந்ததானால் மூடியை மாற்றிவிடுங்கள், மூடியின் உள்தக்கை வாசனையை விடாது. இப்படிப் பிரித்து வைத்தால் லாகவூலினும் தாக்குப்பிடிக்கும். பிரித்து வைக்கும் பொறுமை இல்லாதவர்களுக்குத்தான் ஆர்ட்பெக் என்றுகூடச் சொல்லலாம்.

மற்றவை வேகமாக. கல் ஈலா 12 (43%) சுத்தமான, மெலிந்த புகை. சோடாவுக்கு இதை மிஞ்ச ஆளில்லை, ஜானி வாக்கர் கலவைகளில் ஓடும் புகையின் ஒரு பங்கு இங்கிருந்து போவதுதான். ஆர்ட்பெக் கிடைக்காவிட்டால் அடுத்தது இது. டாலிஸ்கர் 10 முதலில் சொன்ன மற்ற ஐந்தைப் போல ஐலா தீவுச் சரக்கு அல்ல, ஸ்கை தீவு, 45.8%, உப்பும் மிளகும் முன்னால், புகை பின்னால். மிளகு ரசப் பிரியர்களுக்குப் பிடிக்க வாய்ப்பு அதிகம், வலிமையிலும் ஆர்ட்பெக்கை ஒட்டி நிற்கிறது. போமோர் 12 நடுத்தரப் புகை, 40%. தொடங்குவதற்கு நல்லது, வைத்திருப்பதற்கு அல்ல. ஆர்க்னி தீவின் ஹைலேண்ட் பார்க் 12இல் புதர்ப்பூ மக்கிய பீட். தேன் வாசனைக்கு நடுவே புகை, மருந்து வாடையே கிடையாது. லாஃப்ரோய்க் வாசனை பிடிக்கும் ஆனால் 40% உறுத்துகிறது என்றால் அதன் குவார்ட்டர் காஸ்க் என்ற வகை 48%. மரவாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அது ஆளுக்கு ஆள் ருசி.

எந்தப் பக்கம் உங்கள் நாக்கு என்று பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று. டீச்சர்ஸ் குடித்திருப்பீர்கள், அதில் கடைசியில் தொண்டையில் நிற்கும் மெல்லிய புகை ஆர்ட்மோர் என்ற ஹைலேண்ட் மால்டின் கொடை. அந்த இடம் பிடித்திருந்தால் ஆர்ட்பெக் பயமுறுத்தாது. அதுவே நெருடியிருந்தால் ஹைலேண்ட் பார்க்கோடு நிறுத்திக்கொள்ளலாம். தொட்டுக்கொள்ள முந்திரியும் சிப்ஸும் போதாது; புகைக்குப் புகை வேண்டும். தூத்துக்குடி மாசிக் கருவாட்டைச் சீவி, சின்ன வெங்காயத்தோடு லேசாக எண்ணெயில் புரட்டி வைத்தால் ஆர்ட்பெக்கின் எலுமிச்சை எழுந்து வரும். அதே மாசி லாஃப்ரோய்க்கோடு சேர்ந்தால் மீன் மார்க்கெட்டில் ஃபினாயில் ஊற்றிய மாதிரி, தவிருங்கள். லாகவூலினுக்கு ஒரு துண்டு கருப்பட்டி.

கிளாசைச் சோப்புப் போட்டு ஒருமுறை அலம்பினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபீனால் கண்ணாடியில் ஒட்டும். வெந்நீர் ஊற்றிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, கவிழ்க்காமல் நிமிர்த்திக் காயவைத்தால்தான் மறுநாள் அதே கிளாசில் மோர் குடிக்கிறவர் உங்களைத் திட்ட மாட்டார்.