கைலும் என் இடது கட்டைவிரலும்

ரிச்சி தெருவில் கன்ட்ரோலரைப் பிரித்துப் பார்த்த கடைக்காரர் சிரித்தார். "என்ன தம்பி, இடது பட்டனும் கீழ் பட்டனும் மட்டும் இப்படித் தேஞ்சிருக்கு? மத்ததெல்லாம் புதுசாட்டம் இருக்கே!"

ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்கிற சண்டை வீடியோ கேமில் கைல் என்ற வீரனை வைத்து ஆடுகிறவன் என்று அவரிடம் எப்படி விளக்குவது? ரப்பரை மட்டும் மாற்றித் தரச் சொன்னேன்.

1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 காலத்திலிருந்தே கைலின் பிழைப்பு ஒன்றுதான். பட்டனைக் கீழ்-பின் மூலையில் அமுக்கிப் பிடித்தபடி குந்தியிருக்க வேண்டும். எதிராளி தள்ளி நின்றால் சோனிக் பூம் என்கிற பறக்கும் அலையை வீச வேண்டும், தாவி வந்தால் சம்மர்சால்ட் கிக் என்கிற குட்டிக்கரண உதை. "எழுந்து நின்னு சண்டை போடுடா" என்று கேம் கடையில் இதற்காகவே திட்டு வாங்கியிருக்கிறேன். 2023 ஜூனில் ஆறாம் பாகம் வந்தபோதும் அதே துடைப்பக்கட்டை முடி, அதே பூம். ஒரு சாயங்காலத்தில் கை பழகிவிடும் என்று நினைத்தேன்.

எங்கே! டிரைவ் கேஜ் என்று ஆறு கட்டத்தில் ஒரு சக்தி அளவுகோல் வைத்திருக்கிறார்கள். குந்தி உட்கார்ந்து தடுத்தால், தடுக்கிற ஒவ்வொரு அடிக்கும் அது கரைகிறது. முழுதும் தீர்ந்தால் பர்ன்அவுட், அதாவது சக்தி வற்றிய நிலை. அந்த நிலையில் சுவரோரமாக டிரைவ் இம்பாக்ட் என்கிற பலத்த அடி வந்தால், தடுத்தாலும் கைல் தலை சுற்றி நிற்பான். நான் பாதி ஆட்டம் சுவரோரம்தான் இருப்பேன். முப்பது வருஷமாகப் பொறுமையாக இருந்தவனுக்கு இப்படி ஒரு அபராதமா?

ஆனால் நேரம் துல்லியமாக அமைந்தால் மட்டும் வரும் பெர்ஃபெக்ட் சோனிக் பூமை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பட்டனை முன்னால் தள்ளுவதும் குத்து பட்டனை அமுக்குவதும் ஒரே ஃபிரேமில், அதாவது நொடியில் அறுபதில் ஒரு பங்குக்குள், விழ வேண்டும். என் கட்டைவிரலோ தள்ளிவிட்டு அப்புறம்தான் குத்தும், சின்ன வயசுப் பழக்கம். தினமும் அரை மணி நேரம் பயிற்சி அறையில் உட்கார்ந்தேன். ஒரு ராத்திரி வரிசையாக நாலு விழுந்தது. பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து, "யாருடா கத்துறது?" என்றார். நான்தான்.

நேற்று நண்பன் கேட்டான், "மச்சான், புதுசா ஆரம்பிக்கிறேன், கைல் எடுக்கலாமா?" வேண்டவே வேண்டாம், பேசாமல் அதே கேமில் இருக்கிற இன்னொரு வீரன் கென்னை எடுத்துக்கோ என்றேன். அதற்குப் பத்து நிமிஷம் முன்னால்தான் ஒரு கென்னிடம் தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றிருந்தேன்.

மாற்றிய ரப்பரும் இடது பக்கம் லேசாகத் தொளதொளக்க ஆரம்பித்திருக்கிறது.