கொழும்புக் குழுவா, கல்யாண வீடியோக்காரரா, கையில் இருக்கும் போனா?

நிலாவெளியில் ஒரு ஹோட்டல், உப்புவெளியில் திமிங்கிலம் பார்க்கப் படகு விடுபவர், துறைமுகப் பக்கம் மீன் ஏற்றுமதி செய்யும் கொம்பனி. திருகோணமலையில் இவர்களில் யாருக்கு நிறுவன வீடியோ தேவைப்பட்டாலும் மூன்று வழிதான் கண்ணுக்குத் தெரியும்: கொழும்பிலிருந்து தயாரிப்புக் குழுவை வரவழைப்பது, ஊரில் கல்யாணம் எடுப்பவரைப் பிடிப்பது, வேலை செய்யும் தம்பி ஒருவரிடம் போனைக் கொடுப்பது. என் வாக்கு நடுவில் இருப்பவருக்கு. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது.

கொழும்புக் குழுவின் பலம் கமெராவில் இல்லை. அதே கமெராவை நம் ஊர்க்காரரும் வைத்திருக்கிறார். "இதை யார் பார்க்கப் போகிறார்கள், பார்த்துவிட்டு என்ன செய்ய வேண்டும்?" என்று முதல் நாளே கேட்க அவர்களிடம் ஓர் ஆள் உண்டு. எழுத ஒருவர், ஒலிக்கென்று ஒருவர். அந்த ஒழுங்குக்குத்தான் காசு. ஆனால் 250 கிலோமீற்றருக்கு மேல் வருகிற வாகனம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் பில்லில் ஏறும். அதனால் படப்பிடிப்பை இரண்டே நாளில் அமுக்கப் பார்ப்பார்கள். ஒரு நாள் மழை பிடித்தால் பாதி வீடியோ சாம்பல் நிறம்தான்.

ஊரைத் தெரியாததும் ஒரு குறை. நம் கடற்கரை கிழக்கைப் பார்த்தது. கடலைப் பார்த்து நிற்கும் ஹோட்டலின் முகத்தில் காலையில்தான் நல்ல வெயில் விழும். பின்னேரம் கடற்கரையில் நின்று எடுத்தால் பின்னால் வானம் வெளிச்சமாகவும் கட்டடம் இருட்டாகவும் இருக்கும். பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டு ஆரம்பிக்கிற குழுவுக்கு அந்த வெளிச்சம் போய்விட்டிருக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடியில் வெளியே நின்று பேட்டி எடுத்தால் மைக்கில் காற்றுத்தான் பேசும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் கடல் காட்சி வேண்டும் என்று திட்டமிடுவதும் வீண். இதெல்லாம் ஊர்க் கமெராக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியானால் அவரிடம் என்ன குறை? கல்யாணத்தில் நிகழ்ச்சி தானாக நடக்கும். தாலி கட்டும் நேரம் வந்தால் கட்டுவார்கள். கமெரா பின்னால் போனால் போதும். மீனை ஐஸில் அடுக்கும் இடத்தில் அப்படி எதுவும் தானாகக் கதையாகாது. வாடிக்கையாளர் எதை நம்ப வேண்டும், அதற்கு எந்தக் காட்சி சாட்சி என்று யாராவது முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் ஸ்லோ மோஷன், பாட்டு, ட்ரோன், திரும்பவும் ட்ரோன். முதலாளிக்குப் பிடிக்கும், வாங்குபவருக்கு ஒன்றும் புரியாது.

ஆகவே நிபந்தனை இதுதான்: எழுத்து வேலையை நீங்கள் செய்யுங்கள். தாளை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் பேச்சு என்று நிரப்புங்கள். ஒன்றரை நிமிட வீடியோவுக்குத் தமிழில் 150 சொல்லைத் தாண்டினால் வாசிப்பவருக்கு மூச்சு முட்டும். நிறுவனம் தொடங்கிய வரலாற்றை முதலில் வெட்டுங்கள்.

ட்ரோன் பற்றி ஒரு வார்த்தை. சிவில் விமான சேவைகள் அதிகார சபையில் பதிவும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் இல்லாமல் பறக்கவிடுவது வம்பு. அதுவும் கடற்படைத் தளமும் சீனக்குடா விமானத்தளமும் உள்ள ஊர் இது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியே இராணுவம் இருக்கும் கோட்டைக்குள்தான். புறாத்தீவு தேசியப் பூங்கா என்பதால் அங்கே வனசீவராசிகள் திணைக்களத்தையும் கேட்க வேண்டும். அனுமதி எடுப்பது யார் பொறுப்பு என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள்.

போனைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். இன்று இறங்கிய மீன், காலையில் படகில் பார்த்த திமிங்கிலம் போன்றவற்றை அன்றன்றே போட அதைவிட நல்ல வழி இல்லை. இணையத்தளத்தின் முகப்பில் பல வருடம் நிற்கப் போகிற வீடியோவுக்கு மட்டும் வேண்டாம். போனில் எடுப்பதானால் சட்டையில் குத்தும் மைக் ஒன்று வாங்குங்கள், பேட்டி எடுக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. போன்கள் வழக்கமாக நொடிக்கு 30 பிரேமில் எடுக்கும். டியூப் லைட்டின் கீழ் படத்தில் பட்டை பட்டையாக ஓடுவது இரண்டும் ஒத்துப்போகாததால்தான். 25 பிரேமுக்கும், ஷட்டரை (ஒவ்வொரு பிரேமிலும் வெளிச்சம் விழும் நேரத்தை) 1/50 நொடிக்கும் மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

மொழிதான் இந்த ஊரில் பலர் மறக்கும் செலவு. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வேண்டியிருக்கும். கொழும்புக் குழு பேச்சையும் இசையையும் தனித்தனியாக வைத்திருக்கும்; ஊர்க்காரரிடம் அதைக் கேட்டு வாங்க வேண்டும். படத்தின் மேல் எழுத்தே இல்லாத பிரதி ஒன்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் சிங்களப் பதிப்புக்கு முழு எடிட்டிங்கையும் திரும்பச் செய்ய நேரும்.

வெளிநாட்டில் பெரிய வாங்குபவருக்குக் காட்டப் போகிறீர்கள், கையில் காசும் இருக்கிறது என்றால் சரி, கொழும்பைக் கூப்பிடுங்கள். ஆனால் காலை ஆறு மணிக்குக் கமெரா தயாராக இருக்க வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் ஊர்க்காரரிடமே கொடுக்கலாம். யாராக இருந்தாலும் கடைசித் தவணைப் பணத்தை, எடுத்த மூலக் காட்சிகள் முழுவதும் உங்கள் ஹார்ட் டிஸ்க்குக்கு வந்து, திறந்து பார்த்த பிறகு கொடுங்கள்.