உளுத்துப்போன மர யாட்: பலகை மாத்தறதா, ஃபைபர் போட்டு மூடறதா, புதுசாவே கட்டிக்கறதா?

மர யாட் (பொழுதுபோக்குக்கும் ரேஸுக்கும் கட்டின மரப் பாய்மரப் படகு) பைத்தியம் பிடிச்சவங்க நாலு பேரு ஒண்ணா உக்காந்தா அரை மணி நேரத்துல சண்டை வர்றது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். நூறு வருஷத்துப் படகு, உடம்போட வளைவெல்லாம் கண்ணுல ஒத்திக்கலாம், ஆனா உள்ள பாதி மரம் உளுத்துக் கெடக்கு, இப்ப இதை என்ன பண்றது? பழைய முறையிலயே பலகை பலகையா மாத்தறதா, வெளிய எப்பாக்சிங்கற கெட்டிப் பசையும் கண்ணாடி நார் ஃபைபரும் போட்டு மூடிடறதா, இதை விட்டுட்டு அதே வரைபடத்துல புதுசா கட்டிக்கறதா, இல்ல கூரைக்குக் கீழ ஏத்தி வச்சு கும்பிடறதா. நான் எந்தக் கட்சின்னு முதல்லயே சொல்லிடறேன். இன்னும் முப்பது வருஷம் கழிச்சு வர்ற தச்சர் ஒருத்தர் அதைக் கழட்டிப் பாத்து திரும்ப சரிபண்ண முடியுமா, அதான் என் அளவுகோல்.

பலகை மாத்தற வழியத்தான் முதல்ல பாக்கணும், ஏன்னா மத்த வழியெல்லாம் இதோட தலைவலிக்குப் பயந்து வந்ததுதான். பழைய யாட்டோட உடம்பு சிம்பிளான சமாசாரம். அடியில முதுகெலும்பு மாதிரி நீளமா ஓடற கட்டை, ஏரா, அதுலேருந்து விலா எலும்பு மாதிரி கிளம்பற வங்கு, வங்கு மேல நீளவாக்குல பலகை. ரெண்டு பலகைக்கு நடுவுல பஞ்சுத் திரியத் திணிச்சு இரும்பு உளியும் கொட்டாப்புளியும் வச்சு கலப்பத்து அடிப்பாங்க, மேல மக்கு பூசுவாங்க. தண்ணில எறக்கினதும் கொஞ்ச நாள் ஒழுகும், அப்புறம் மரம் ஊதி இடுக்கு தானா இறுகிக்கும். பலகையையும் பலகையையும் பசை போட்டு ஒட்டறதில்ல, இதோட பலமே அங்கதான் இருக்கு. ஒரு பலகை போச்சுன்னா அந்த ஒரு பலகைய கழட்டி மாத்து, அவ்ளோதான்.

அவ்ளோதான்னு சொல்லிட்டேன், ஆனா வேலில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதை இங்கதான் ஆரம்பிக்கும். பலகைய கழட்டினா பின்னால வங்கு உடைஞ்சிருக்கும், வங்கை எடுத்தா ஏராவுல ஆணி எறங்கின ஓட்டையச் சுத்தி மரம் கருத்து கரித்தூள் மாதிரி உதிரும். ஓக் மரத்துல அமிலம் உண்டு, அதுல இரும்பு ஆணி அடிச்சா ஆணிய மரம் தின்னும், மரத்தை ஆணி தின்னும். தவிர, மரப்படகு கடல் தண்ணியால அழுகுதுன்னு பலபேர் நினைக்கறாங்க, உப்புத்தண்ணி பூஞ்சைக்கு அவ்வளவா ஆகாது, டெக் (படகோட மேல்தளம்) ஓரத்துல கசிஞ்சு உள்ள தேங்கற மழைத்தண்ணிதான் ஆளைக் கவுக்கறது. இன்னொரு பெரிய தொல்லை, வயசான படகோட ரெண்டு முனையும் மெல்லத் தொங்கி நடுமுதுகு தூக்கிக்கிட்டு நிக்கும். அப்படியே வங்கை மாத்தினா அந்தக் கோணல் நிரந்தரமாயிடும், அதனால முதல்ல முட்டுக் கொடுத்து பழைய வடிவத்துக்குக் கொண்டு வந்து, அப்புறம் ஒண்ணு விட்டு ஒண்ணா வங்கை மாத்தணும். மாசக்கணக்குல வேலை நடக்கும், வெளியிலேருந்து பாக்கறவனுக்கு ஒண்ணுமே நடக்காத மாதிரி தெரியும்.

இதுக்கு இப்ப எல்லாரும் காட்டற உதாரணம் டாலி ஹோ. 1910-ல கட்டினது, 1927-ல இங்கிலாந்துலேருந்து கிளம்பற ஃபாஸ்ட்நெட் கடல் ரேஸ்ல புயல் அடிச்ச அடியில ரெண்டே படகுதான் முடிச்சது, லா கோலெட்டா முதல்ல வந்துச்சு, ஆனா ஹேண்டிகேப் (படகோட அளவுக்கு ஏத்த மாதிரி நேரத்தைச் சரிக்கட்டறது) கணக்கு போட்டா ஜெயிச்சது டாலி ஹோ. அப்பேர்ப்பட்ட படகு கடைசில அமெரிக்காவுல ஆரிகன் பக்கம் ஒரு துறைமுகத்துல உளுத்துக் கெடந்து, 2017-ல லியோ கூல்டன்னு ஒரு இளம் தச்சர் கைக்கு வந்துச்சு. ஏரா, வங்கு, பலகைன்னு கிட்டத்தட்ட எல்லாத்தையும் மாத்தி 2024-ல தண்ணில எறக்கினார். உடனே ஒரு கூட்டம் கிளம்பிடும், அப்ப இது பழைய படகே இல்லையேன்னு. இந்தக் கேள்வி புதுசா என்ன? ஜோஷுவா ஸ்லோகம், உலகத்தை முதல்முதலா தனியா பாய்மரப் படகுல சுத்தினவர், அவரோட ஸ்ப்ரே ஒரு வயல்ல மூடி வச்சிருந்த ஓட்டைப் படகு. புதுசா ஓக் மரம் வெட்டி ஏரா போட்டு, வங்கு, பலகை எல்லாம் மாத்தி, 13 மாசம், 553 டாலர் 62 சென்ட் செலவுல முடிச்சார். அதுல 1895-ல கிளம்பி 1898-ல திரும்பி வந்தார். பழசு எங்க முடிஞ்சு புதுசு எங்க ஆரம்பிச்சுதுன்னு அவராலயே சொல்ல முடியலை, ஆனா ஸ்ப்ரேவை ஸ்ப்ரே இல்லன்னு யாரும் சொல்லலை. துண்டு துண்டா மாறினாலும் அந்த வடிவம் ஒருநாள் கூட விட்டுப்போகலை, எனக்கு அது போதும்.

அடுத்து ஃபைபர் போட்டு மூடற வழி. சீக்கிரம் முடியும், ஒழுகாது, செலவு கம்மி, பத்து வருஷத்துக்கு பாக்க ஜம்முனு இருக்கும். சிக்கல் எங்கன்னா, பலகை போட்ட உடம்பு ஈரத்துக்கு ஊதும், காஞ்சா சுருங்கும், வெளிய ஒட்டின ஃபைபர் அசையாது. ரெண்டும் இழுத்துக்க எங்கயோ ஒரு ஓரத்துல ஒட்டு விடும், அந்த இடுக்குல தண்ணி போய் உக்காரும், வெளிய பெயின்ட் பளபளன்னு இருக்க உள்ள மரம் ஊறின பிஸ்கட் மாதிரி ஆயிடும். கத்தி முனையால குத்திப் பாக்கவும் வழியில்ல, ஃபைபர் மறைக்கும். மெல்லிசு மரத்தகட்டை குறுக்கும் நெடுக்குமா எப்பாக்சில ஒட்டற கோல்ட் மோல்டிங் இதைவிட எவ்வளவோ தேவலாம், அடியில இருக்கற மரம் நல்லா காஞ்சிருந்து இடுக்கெல்லாம் மரத்துண்டு வச்சு ஒட்டியிருந்தா மொத்த உடம்பும் ஒரே ஓடு மாதிரி ஆயிடும். ஆனா அதுக்கப்புறம் ஒரு பலகைய மட்டும் கழட்டற கதை கிடையாது.

இவ்ளோ திட்டிட்டு பென் டுயிக்ங்கற படகைப் பத்தி பேசாம போனா அது நேர்மை இல்ல. 1898-ல ஸ்காட்லாந்து படகு வடிவமைப்பாளர் வில்லியம் ஃபைஃப் வரைஞ்ச படகு, பிரெஞ்சு பாய்மர வீரர் எரிக் டபார்லியோட குடும்பத்துப் படகு, 1950-கள்ல மரம் எல்லாம் போயிடுச்சு, அவர்கிட்ட புதுசா பலகை போட காசு இல்ல. என்ன பண்ணார்னா பழைய உடம்பையே அச்சா வச்சு அதுமேல பாலியஸ்டர் உடம்பு வார்த்துட்டார். மரம் போச்சு, ஃபைஃப் போட்ட கோடு தப்பிச்சுது, இன்னிக்கும் ஓடுது. அதே படகுலேருந்துதான் 1998-ல ராத்திரி கடல்ல விழுந்து அவர் போனார், படகோட நூறாவது வருஷத்துக்கு ஸ்காட்லாந்து போற வழியில. அவர் செஞ்சதை தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. வேற வழி இல்லாதவன் செஞ்சது அது, ஆனா மரம் நல்லா இருக்கற படகுக்கு சோம்பேறித்தனத்துல ஃபைபர் போடறவங்க அவரைத் துணைக்குக் கூப்பிடக்கூடாது.

புதுசா கட்டறதுல எனக்கு ஆர்வம் கம்மி, சுருக்கமா சொல்லிடறேன். அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் ஹெரஷாஃப் 1910-ல கட்டின வெஸ்ட்வர்ட்ங்கற ஸ்கூனரை (ரெண்டு பாய்மரம் வச்ச பெரிய படகு), அதோட கடைசி ஓனர் எழுதி வச்ச உயில்படி 1947-ல இங்கிலீஷ் கால்வாய்ல மூழ்கடிச்சுட்டாங்க. அதே வரைபடத்துல 2000-ல எலியோனோரா வந்துச்சு, ஸ்டீல் உடம்பு. பாய் விரிச்சு ஓடறதைப் பாத்தா வித்தியாசம் தெரியாது, அசல் கைக்கே வராத படகுக்கு இதுதான் வழி. சோகம் என்னன்னா 2022-ல ஸ்பெயின்ல தாரகோனா துறைமுகத்துல சும்மா கட்டி நின்னதை ஒரு சப்ளை கப்பல் வந்து இடிச்சு அதுவும் மூழ்கிப்போச்சு.

மியூசியம் வழிக்கு அயர்லாந்தோட அஸ்கார்டு நல்ல உதாரணம். நார்வே படகு வடிவமைப்பாளர் காலின் ஆர்ச்சர் 1905-ல கட்டின படகு, 1914-ல அயர்லாந்து தேசியவாதத் தொண்டர்களுக்காக ஹவுத் துறைமுகத்துக்கு துப்பாக்கி கொண்டு வந்த சரித்திரம் அதுக்கு உண்டு. டப்ளின்ல அசல் மரத்தை முடிஞ்ச வரைக்கும் அப்படியே விட்டு பாதுகாத்து வச்சிருக்காங்க. அந்த மரமேதான் சாட்சிங்கறப்ப அதை மாத்தறது பாவம், இங்க என் அளவுகோல் செல்லாது. மத்தபடி சாதாரண ரேஸ் படகை காய வச்சு நிறுத்தினா பலகை சுருங்கி இடுக்கு விரிய ஆரம்பிச்சுடும்.

ரேஸ் ஓடணும்னு ஆசை இருந்தா முடிவு இன்னும் ஈசி. மத்தியதரைக் கடல் கிளாசிக் ரேஸ்ல 1950-க்கு முன்னாடி எறக்கினது விண்டேஜ், 1976-க்கு முன்னாடின்னா கிளாசிக், அதுபோக படகு அசலுக்கு எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு பாத்து ரேட்டிங் போடறாங்க. நவீன சாமான் ஏத்தினா அங்க கணக்குல இடிக்கும். பழைய மரம் வேகம் தராதுன்னு யாராவது சொன்னா டொரேட் பேரைச் சொல்லுங்க: 1936-ல கலிபோர்னியாவுலேருந்து ஹவாய்க்குப் போற டிரான்ஸ்பேக் ரேஸ் ஜெயிச்ச மரப்படகு, 77 வருஷம் கழிச்சு 2013-ல அதே ரேஸை மறுபடி ஜெயிச்சுது.

அதனால வாங்கப் போறவங்களுக்கு, வார்னிஷ் மினுக்கறதைப் பாத்து மயங்காதீங்க. சின்ன சுத்தியலால பலகைய தட்டிக்கிட்டே போங்க, கணீர்னு கேக்கற சத்தம் எங்க பொத்துன்னு மாறுதோ அங்க சாக்பீஸ்ல குறி போடுங்க. பாய்மரம் ஏராவுல உக்கார்ற எடம், டெக்கும் உடம்பும் சேர்ற ஓரம், பின்பக்க மூலை, இந்த மூணுலயும் கூர் ஊசியால குத்திப் பாருங்க. விக்கறவர் குத்த விடலைன்னா பேசாம வீட்டுக்கு வந்துடுங்க.